தவளை உட்காரும் இடம்

பட்டறையில் எல்லாரும் அவரைப் பொம்மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்ததென்னவோ எலெக்ட்ரானிக்ஸ். பதினைந்து வருஷமாகக் குழந்தைகள் கையில் பிடித்து விளையாடும் சாதனங்களையே செய்துகொண்டிருந்தால் வேறு என்ன பெயர் ஒட்டும்? இந்த வருஷம் வந்த வேலை, பார்வை குறைந்த குழந்தைகளுக்கு ஒரு கை விளையாட்டு. "யார் எடுத்துக்கிறீங்க?" என்று முதலாளி கேட்டு வாயை மூடுவதற்குள் இவர் கையைத் தூக்கிவிட்டார்.

காரணம் ஊருக்கே தெரியும். அவருடைய மகளுக்குப் பத்து வயது. இரண்டு வருஷமாகப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. அதற்கும் ஒரு வருஷம் முன்பே அவரும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். மகள் அம்மாவோடு இருக்கிறாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை, அந்த வீட்டுக்குக் கீழே இருக்கும் பேக்கரியில் அப்பாவைப் பார்ப்பாள். வருஷத்துக்கு இருபத்து நாலு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ஒரே ஒரு நாள். பாக்கி முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டே ஓட்டுகிற மனுஷர் அவர்.

அந்த ஒரு நாளிலும் போன வருஷத்திலிருந்து மண் விழுந்துவிட்டது. வட்ட மேசைக்கு எதிரெதிரே உட்காருவார்கள். இவர் பேச ஆரம்பித்ததும் அவள் முகத்தை இடது பக்கமாக, பன் வைத்திருக்கும் கண்ணாடி அலமாரிப் பக்கம், திருப்பிக்கொள்வாள். இவர் நாற்காலியை நகர்த்தி அந்தப் பக்கம் போய் அவள் முகத்துக்கு நேராக உட்காருவார். அவள் இன்னும் கொஞ்சம் திரும்பிச் சுவர்ப் பக்கம் போவாள். இவரும் விடாமல் பின்னாலேயே போவார்.

"சார், மேசை ஓடிப்போயிடாது. எதுக்கு இந்த ஊர்வலம்?" என்று பேக்கரிக்காரர் ஒரு நாள் கேட்டே விட்டார்.

கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஸ்கூல் நல்லா இருக்கு. சாப்பிட்டேன். ஆமா. இல்ல. விருந்துக்கு வந்த வீட்டில் பேசுவது போல. கோபமாகத்தான் இருக்கும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். வீட்டைவிட்டுப் போனவனை எந்தப் பிள்ளை மன்னிக்கும்? சின்ன வயதில் வாய் நிறையக் கண்ணு, கண்ணு என்று கூப்பிட்டவர்தான். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். பாப்பா என்று மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு மாதமும் திரும்பிப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் தன்னை நேராகப் பார்த்தால் போதும் என்று ஏங்குவார்.

அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கமாட்டார். அவர்களுக்குள் பேச்சு, 'நாலு மணி, கீழே' என்ற அளவுக்கு வற்றிப்போய்ப் போனில் எழுத்தாக வந்துகொண்டிருந்தது. டாக்டர் கொடுத்த காகிதத்தின் போட்டோ ஒன்று வந்தது. அதில் நோயின் பெயர் ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. பார்வை குறையும், கண்ணாடி போட்டுப் பயனில்லை என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. குறையும் என்றால் மங்கும், அவ்வளவுதானே என்று விட்டுவிட்டார். சர்க்யூட்டில் ஒரு கம்பி இடம் மாறினால் மூன்று நாள் சாப்பிடாமல் தேடுகிறவர், பெற்ற பிள்ளையின் கண்ணை ஒரு வரியில் முடித்துக்கொண்டார். பயந்தவர்கள் அப்படித்தான்.

அந்த மங்கலை வைத்துக்கொண்டுதான் வேலையையும் ஆரம்பித்தார். பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றில் வாசலினைத் தடவி மாட்டிக்கொண்டு பட்டறை முழுக்கத் தடவித் தடவி நடந்தார்.

"தம்பி, டீயை மூக்குல ஊத்திக்காத" என்றாள் சாலிடர் வைக்கிற அக்கா.

அந்தக் கண்ணாடி வழியாக எது தெரிந்ததோ அதெல்லாம் விளையாட்டுக்குள் வந்தது. கறுப்புத் திரை. நட்டநடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மஞ்சள் தவளை. அடுத்த இலை எந்தப் பக்கம் என்று சத்தம் வரும், அந்தப் பக்கத்துப் பட்டனை அழுத்தினால் தவளை தாவும், உள்ளங்கையில் குறுகுறுவென்று அதிரும். தடவியே கண்டுபிடிக்கும்படி நாலு பட்டனும் நாலு வடிவம். நன்றாகத்தான் செய்திருந்தார், குறை சொல்ல முடியாது.

பார்வை குறைந்த பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் புதன்கிழமைதோறும் சோதனை. பதினொரு பிள்ளைகள். பொம்மைக்காரர் மூலையில் உட்கார்ந்து தாளில் குறித்துக்கொள்வார். ஆறு பேர் விளையாட ஆரம்பித்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவருக்குத்தான் அது பழகிய காட்சியாயிற்றே. யோசிக்காமல் ஆறு பேருக்கும் நேராக 'பிடிக்கவில்லை' என்று எழுதினார்.

பட்டறைக்குப் போய்த் தவளையைப் பெரிதாக்கினார். அடுத்த புதன்கிழமை அந்த ஆறு பேரும் இன்னும் அதிகமாகத் திரும்பினார்கள். இன்னும் பெரிதாக்கினார்.

"இது தவளையா, எருமையா?" என்றாள் அக்கா.

மூன்றாவது புதன்கிழமை, இரட்டைச் சடை போட்ட ஒரு வாயாடிப் பெண் மோவாயைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தபடி பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் 'பிடிக்கவில்லை' என்று எழுதும்போது அந்தப் பக்கம் வந்த டீச்சர் தாளை எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குப் பிடிக்கல? இவளுக்கா? பதினேழு இலை தாண்டிட்டா சார்!"

"ஜன்னலைப் பாத்துட்டு இருக்காளே டீச்சர்."

டீச்சருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "அய்யோ, அவ தவளையைத்தான் பாக்குறா. நேரா பாத்தா இவளுக்கு நடுவுல ஒண்ணுமே இருக்காது, ஓட்டை விழுந்த மாதிரி. ஓரத்துலதான் தெரியும். அதான் முகத்தைத் திருப்பிக்கிட்டு ஓரக்கண்ணால பிடிக்கிறா. எல்லாருக்கும் அப்படி இல்ல, இந்த ஆறு பேருக்கு அப்படி. நீங்க என்னடான்னா வாரா வாரம் தவளையைப் பெருசாக்கி அந்த ஓட்டைக்குள்ளயே போடுறீங்க!"

"சார், அதைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்களேன்" என்றாள் இரட்டைச் சடை, ஜன்னலைப் பார்த்தபடியே.

பொம்மைக்காரருக்கு வட்ட மேசையும் நாற்காலி இழுபடும் சத்தமும் ஞாபகம் வந்தன.

"டீச்சர், இவங்க திரும்பும்போது நாமளும் போய் முகத்துக்கு நேரா உக்காந்தா?"

"காணாம போயிடுவீங்க" என்றாள் டீச்சர் சர்வசாதாரணமாக.

அடுத்த மூன்று வாரமும் அவர் வேறு வேலையைத் தொடவில்லை. வாசலின் கண்ணாடி குப்பைக்குப் போயிற்று. இப்போது விளையாட்டைத் திறந்ததும் தவளை ஒரே இடத்தில் நிற்காது. சின்னதாகத் திரையின் ஓரமாகவே மெதுவாகச் சுற்றி வரும். நன்றாகத் தெரிகிற இடத்தில் குழந்தை பட்டனை அழுத்த வேண்டும். "இங்கயா உக்காரட்டும்?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அந்த ஆறு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

வேலை ஜெயித்தது. அவருக்குத்தான் நிம்மதி இல்லை. எல்லாருக்கும் அப்படி இல்ல என்று டீச்சர் சொல்லியிருந்தாளே. தன் மகள் அந்த ஆறில் ஒருத்தியாக இல்லாவிட்டால்? அவள் திரும்பியது உண்மையிலேயே வெறுப்பாக இருந்துவிட்டால்? ஆசைப்பட்டு ஏமாறத் தெம்பில்லாமல், அவள் அம்மாவிடம் கேட்டுவிடலாமா என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக நாளைக் கடத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா அவளைப் பேக்கரி வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு மாடிக்குப் போனாள். மகள் எதிரே உட்கார்ந்தாள். அவர் சாதனத்தை அவள் கையில் வைத்தார். அவளுடைய விரல்கள் நாலு பட்டனையும் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தன.

"நீயாப்பா செஞ்சே?"

"ஆமாம் பாப்பா. தவளை சுத்தி வரும். எங்க நல்லாத் தெரியுதோ அங்க அழுத்து."

தவளை மேலே ஊர்ந்தது, இடது ஓரத்தில் இறங்கியது, அடியில் தவழ்ந்தது. அவள் அழுத்தவில்லை. வலது ஓரத்தில் பாதி உயரம் ஏறியதும் அவள் டக்கென்று அழுத்தினாள்.

"இங்கயா உக்காரட்டும்?" என்றது தவளை. அவள் கிளுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

நாலு இலை தாண்டியதும் சாதனத்தைக் கீழே வைத்தாள். பிறகு வழக்கம்போல முகத்தை இடது பக்கம் திருப்பி அலமாரியைப் பார்த்தாள். அவருடைய கால்கள் பழக்கதோஷத்தில் எழப் பார்த்தன. நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"என்னப்பா, இன்னிக்கு நகரல?"

"நகரணுமா?"

"வேணாம், வேணாம்." அவசரமாகச் சொன்னாள். "நான் பாக்கலாம்னு திரும்புனாலே நீ எந்திரிச்சுப் போயிடுவே. நான் பாக்குறது உனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன். அதான் கேக்கல."

பத்து வயதுப் பிள்ளை ஒரு வருஷம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மாதாமாதம் தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலியைத் தூக்கித் தூக்கி அவளுடைய ஓட்டைக்குள் போய் விழுந்தது இவர்தான்.

அவள் அலமாரியைப் பார்த்தபடியே கையை நீட்டி அவருடைய மேலுதட்டைச் சரியாகத் தொட்டாள்.

"மீசையை எப்பப்பா எடுத்தே?"

"போன வருஷம்."

"நல்லாவே இல்ல."

"திரும்ப வெச்சுக்கறேன் கண்ணு" என்றார். கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கையை எடுத்தார்.

"அசையாத இரு" என்று அதட்டினாள் மகள். "இன்னும் பாத்து முடிக்கல."

அவர் கையை இறக்கிக்கொண்டார். ஆறு மணி ஆக இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.