முப்பத்தெட்டு கிராம்

"முப்பத்தெட்டு கிராம் கூட இருக்கு."

"அண்ணா, முப்பத்தெட்டு கிராம்ண்ணா. ஒரு சின்ன எலுமிச்சம்பழம்."

"போன மாசம் மூணு கிராமுக்கு ஒரு கம்பெனித் தராசையே சீல் வச்சுட்டு வந்த மகராசி யாரு? நானா?"

ஸ்டோர் பொறுப்பாளர் தராசின் திரையை அவள் பக்கம் திருப்பிவைத்தார். 5,038. அலுவலகத்தில் அவருக்குப் பூட்டு என்று பெயர். புதுப் பேனா கேட்டால் தீர்ந்துபோன பேனாவைக் காட்டச் சொல்கிறவர். தராசுக்கு மேலே சுவரில் அவளுக்கு மருத்துவர் கொடுத்த கடிதத்தை நகலெடுத்து ஒட்டியிருந்தார். கழுத்தெலும்பில் தேய்மானம், தோளில் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. அதன் அடியில் மேலாளரின் கையெழுத்தில் ஒரு வரி: பை ஐந்து கிலோவுக்குள் அடங்கினால் வெளியூர், இல்லையென்றால் ஆய்வகம்.

ஆய்வகம் என்றால் ஜன்னல் இல்லாத அறை. காற்று அசைந்தால் எடை மாறும் என்பதால் மின்விசிறிகூடக் கிடையாது. பதினோரு வருடமாக அவள் ஊர் ஊராகப் போய் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் உள்ள தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதித்து வருகிறாள். முன்பின் தெரியாத ஊரில் முதல் நாள் காலை விடுதியின் திரைச்சீலையை விலக்கும்போது, எதிர்மாடியில் யாரோ ஒருவர் துணி உலர்த்திக்கொண்டிருப்பார். அவருக்கு இவளைத் தெரியாது, இவளுக்கு அவரைத் தெரியாது. அந்த ஒரு நிமிடம் இல்லாத வாழ்க்கையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் சோதனைக்குக் கொண்டுபோகிற எடைக்கற்கள் அதிரக் கூடாதாகையால் சக்கரப் பை உதவாது. தோளில்தான் போட்டாக வேண்டும்.

குறைக்க முடிந்தது மடிக்கணினி ஒன்றுதான். வெளியூர் போகிறவர்களுக்காக அலுவலகம் இரண்டு மாதிரிகளைக் கொடுத்து, ஒரு வாரம் வைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தது. ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். அந்த வாரம் முழுவதும் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அவள் கணவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். இதுவரை விமானம் ஏறாதவன். ஆனால் அடிக்கடி பயணம் போகிறவர்களுக்கான மடிக்கணினி எது என்று நாற்பது வீடியோ பார்த்து, இருபத்திரண்டு வரிசையில் ஓர் அட்டவணை போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டான்.

"கறுப்புல பேட்டரி பதினாலு மணி நேரம் நிக்குது. சாம்பல் பதினொண்ணுதான்."

"சரி."

"கறுப்புல ஸ்கிரீன் வெயில்லகூடப் பளிச்சுனு தெரியும்."

"நான் என்ன வெயில்ல உக்காந்தா வேலை பாக்கப் போறேன்?"

"சாம்பல்ல கீபோர்டு தகரம் மாதிரி சத்தம் போடுதும்மா. கறுப்பு கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதாம். ஒருத்தன் மாடியிலேர்ந்து போட்டுக் காமிச்சான்."

"அதைத் தூக்கிட்டு மாடி ஏறிக் காமிச்சானா?"

அவன் சிரிக்கவில்லை. ஒரு கையில் கறுப்பையும் மறு கையில் சாம்பலையும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். "பெருசா வித்தியாசம் தெரியலையே" என்றான். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கழுத்தைத் திருப்பினால் விரல் நுனிவரை மின்சாரம் ஓடுகிற வலி அவனுக்கு எங்கே தெரியும்? அட்டவணையில் எடை பதினேழாவது வரிசையில் இருந்தது. பளபளப்புக்குக் கீழே.

மறுநாள் இரண்டையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், தலா மூன்று முறை நிறுத்துச் சராசரி எடுத்தாள். சார்ஜரோடு கறுப்பு 1,572. சாம்பல் 1,106. கறுப்பின் சார்ஜர் மட்டுமே ஒரு செங்கல் துண்டு கனத்தது. சாம்பலுக்குக் கைப்பேசி சார்ஜரே போதும். கறுப்பு உள்ளே போனால் பை 5,442. சாம்பல் என்றால் 4,976. இதற்கு மேல் என்ன யோசனை? சாம்பலுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

போட்ட பிறகுதான் கவனித்தாள். தராசுகளோடு இணைக்கிற கம்பியின் தலை அகலமானது. கறுப்பில் அதற்கு இடம் இருந்தது. சாம்பலின் பக்கவாட்டில் இருந்ததோ பாதி மூடிய கண்கள் மாதிரி இரண்டு கீறல்கள்தான். இருபத்திரண்டு வரிசை போட்டவனுக்கும் தோன்றவில்லை, மூன்று முறை நிறுத்தவளுக்கும் தோன்றவில்லை: இதில் எதைச் செருகப் போகிறோம்? பூட்டு, அகலத் தலையைக் கீறலோடு பொருத்தும் ஓர் இணைப்பானை எடுத்துவந்து, அலுவலகப் பதிவில் ஏற்றிக் கொடுத்தார். பதிவில் இல்லாத எதையும் அலுவலகக் கணினி ஏற்காது. இணைப்பானின் எடை அறுபத்திரண்டு கிராம்.

"ஏதாவது ஒண்ணை எடு தாயே. வண்டி நிக்குது வெளியில" என்றார் பூட்டு, தராசைக் காட்டி.

ஏற்கெனவே சீப்புவரை எடுத்தாகிவிட்டது. போகிற இடத்தில் புதுவகைத் தராசு, கம்பியே வேண்டாம் என்று படிவத்தில் இருந்தது. இணைப்பானை எடுத்து மேசைமேல் வைத்தாள். 4,976. பூட்டு முகம் மலர்ந்து முத்திரை குத்தினார். வண்டி இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது: சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். தராசில் ஏறாத ஒன்றைக் கூடவே எடுத்துப் போகலாம் என்று பதினோரு வருடம் தராசோடு வாழ்ந்தவளுக்கு மட்டும் தோன்றவில்லை. திரும்பினால் விமானம் போய்விடும். திரும்பவில்லை.

மறுநாள் காலை, அந்த ஊர் மருத்துவமனையில் மருந்து கலக்கும் அறை. தலைக்கு உறை, காலுக்கு உறை, கண்ணாடிச் சுவர். மேடையில் அரதப்பழசான ஒரு தராசு. அதன் முதுகில் கம்பி செருகும் அகலமான துளை.

"புதுசு எங்க?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு மேடம்" என்றார் மருந்தாளுநர். "பன்னெண்டு மணிக்குக் குழந்தைங்க வார்டுக்கு மருந்து கலக்கணும். நீங்க சரின்னு சொன்னாத்தான் தராசைத் தொடுவோம்."

கையால் எழுதிப் பதிவு செய்தால் செல்லாது. யாரோ ஒரு புண்ணியவான் ஒருமுறை உட்கார்ந்த இடத்திலேயே எண்களை எழுதிக் கொடுத்ததிலிருந்து, தராசிலிருந்து நேராகக் கணினிக்குப் போகிற எண்ணுக்குத்தான் மதிப்பு. கடையில் இணைப்பான் வாங்கினாலும் பதிவில் ஏற்றித் தரச் சொல்லி அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். கேட்டால், ஐந்து கிலோவுக்குள் அவளால் வேலை பார்க்க முடியாது என்று அவளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கைப்பேசி அதிர்ந்தது. கணவன். 'மெஷின் எப்படி இருக்கு? பேட்டரி எவ்ளோ காட்டுது?'

தொண்ணூற்றொன்று காட்டியது. அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எடுத்து ஒட்டகத்தை அழைத்தாள்.

ஒட்டகம் அவளுடைய சக ஊழியர். ஒன்பது கிலோ பையோடும் அகலத் துளையுள்ள பழைய தடித்த கணினியோடும் அலைகிறவர். ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஆலையில் இன்று அவருக்கு வேலை. அவளை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அவளுடைய நீண்ட பயணங்களைத் தனக்குத் தர வேண்டும் என்று அவர் மேலாளரிடம் கேட்டிருப்பதும் அவளுக்குத் தெரியும்.

"என்ன மேடம், அதிசயமா? உங்க இறகு மெஷின் எப்படி இருக்கு? பறக்குதா?"

"சார், கிண்டல் அப்புறம் பண்ணுங்க. உங்க மெஷின் வேணும். பன்னெண்டுக்குள்ள."

எல்லாவற்றையும் சொன்னாள். இணைப்பான், முப்பத்தெட்டு கிராம், குழந்தைகள் வார்டு. அவர் ம் கொட்டிக்கொண்டே கேட்டார்.

"பாக்கெட்ல போட்டுக்க வேண்டியதுதானே?"

"தோணல சார்."

"ஆலைக்காரங்க காத்திருப்பாங்களே. நான் தடம் மாறி வந்தா பயண ரெஜிஸ்டர்ல காரணம் எழுதணுமே மேடம்."

கண்ணாடிக்கு அப்பால் மருந்தாளுநர் கையுறையை மாட்டிக்கொண்டு, தொடாமல், இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். மணி பத்தேகால்.

"அதைத்தான் சார் கேக்குறேன். வாங்க, ஆனா காரணத்துல என் பேரை எழுதாதீங்க. எழுதாம இருப்பீங்களா?"

மறுமுனையில் அவர் ஓட்டிக்கொண்டிருந்த கார் நின்றுவிட்டது. எந்தப் பக்கம் திரும்புவதற்காகவோ போட்ட விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.