குமிழின்மேல் சந்தனம்

மார்கழி தன் இறுதி நாள்களிலும் ஓயாமல் பெய்துகொண்டிருந்தது. வாவிக்கும் வானுக்கும் இடையே எல்லை அழிந்து, இரண்டும் ஒரே சாம்பல் நிறமாய்க் கிடந்தன. கதிரவன் இருக்கிறான் என்பதற்கு, நண்பகலில் மேகத்தின் பின்னே சற்றே வெளுக்கும் ஓரிடம் மட்டுமே சான்று. தென்னைகள் தலை தாழ்ந்து நின்றன. விடியலில் பிள்ளையார் கோயிலிலிருந்து எழும் சங்கொலியும் ஈரத்தில் கனத்து, ஊரைக் கடக்குமுன்னரே தளர்ந்து அடங்கியது.

களுதாவளையில், அன்னப்பூரணியின் வீட்டு உள்ளறையில் மட்டும் பகல் என்று ஒன்று இருந்தது. அதுவும் கூரைவளையில் கட்டித் தொங்கவிட்ட விளக்கின் பகல்.

கார்த்திகை வெள்ளம் அவர்களுடைய வெற்றிலைத் தோட்டத்தில் ஒன்பது நாள் நின்றது. வற்றியபோது ஒரு கொடியும் மிஞ்சவில்லை. நீர் ஏற ஏற, அவளும் கணவர் அழகரத்தினமும் முழங்காலளவு சேற்றில் நின்று வெட்டியெடுத்த நாற்பத்திரண்டு கணுத்துண்டுகளே எஞ்சின. அவை பிழைத்தால் தையில் மீண்டும் தோட்டம். பிழையாவிடின், இருபது ஆண்டு வளர்த்த அந்தக் கொடியின் வழி அவர்களோடு அற்றுப்போகும். முற்றத்தில் வைத்தால் மழை அழுகச் செய்யும். அறைக்குள் வைத்தால் ஒளியில்லை. ஆகவே விளக்கு.

அவள் கண்மதிப்பை நம்புகிறவள் அல்லள். முன்னாண்டு பந்தலுக்கு நிழல்வலை மாற்றியபோதே ஒளி அளக்கும் மீற்றர் ஒன்று வாங்கியிருந்தாள். பந்தலின் கீழ் உச்சிவேளையில் பதினையாயிரம் லக்ஸ் என்று நாட்காட்டியின் ஓரத்தில் குறித்தும் வைத்திருந்தாள். வெயில் உச்சியில் நிற்பது சிறுபொழுது; விளக்கோ பன்னிரண்டு மணிநேரம் ஒரே சீராய் எரியும். ஆதலால் எட்டாயிரம் போதும் என்று முடிவுசெய்தாள்.

காத்தான்குடியில் மின்பொருள் கடை வைத்திருக்கும், அவள் அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் சரீப் முதலில் சிறிய விளக்கொன்றைத் தந்தார். மீற்றர் மூவாயிரம் காட்டியது. அதைத் திருப்பிக் கொடுத்துப் பெரியதை வாங்கினாள். அதிலும் அளவு போதவில்லை; விளக்கை ஒரு சாண் இறக்கினாள். துளிர்த்த இலைகள் வெளுத்தன. ஒளி போதாமல் வாடுகின்றன என்றெண்ணி மேலும் இறக்கினாள். எட்டாயிரம் வந்தது. ஆனால் இலைகள் வெளுத்ததோடு நில்லாமல் ஓரம் கருகத் தொடங்கின. இரவுகளில் உறக்கம் விட்டுப் போயிற்று. விளக்கே பழுது என்று சரீப்புக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

அவர் மழையங்கியோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"என்ன தங்கச்சி, எங்கட லைட்டு இருட்டத்தான் தருகுது எண்டு சொன்னீங்களே?"

"பின்ன என்ன நானா? அளவு சரியா வந்தும் இலை செத்துப்போகுது. உள்ளுக்க வந்து பாருங்க."

"இன்னும் இறக்கச் சொல்லிப்போடாதீங்க சரீப்," என்றார் அழகரத்தினம். "இப்பவே நான் தவண்டுதான் தண்ணி ஊத்துறன்."

சரீப் விளக்கின் கீழ் உள்ளங்கையை நீட்டிச் சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு தம் பையிலிருந்து கடை மீற்றரை எடுத்து, இலைமட்டத்தில் பிடித்தார்.

"இருபத்தோராயிரம்."

அன்னப்பூரணி தன்னுடையதை அதே இடத்தில் பிடித்தாள். எட்டாயிரத்து இருநூறு.

"ரெண்டுல ஒண்டு பொய் சொல்லுது," என்றார் சரீப்.

"எங்கட மீற்றர் பொய் சொல்லாது. சரஸ்வதி பூசையில வச்சு எடுத்தது."

"அப்ப எங்கட மீற்றர்தான் களவாணியாக்கும்! எங்க, உங்கடயத் தாங்க பாப்பம்."

வாங்கிப் புரட்டினார். அதன் தலையில் இருந்த வெண்குமிழை ஒளிக்கு நேரே பிடித்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல அடங்கியது.

"தங்கச்சி, இந்தக் குமிழுக்கு நடுவுல என்ன பூசியிரிக்கி?"

"சந்தனப் பொட்டு. மேல குங்குமம்."

"இதுதான் மீற்றருக்குக் கண். வெளிச்சம் இதுக்குள்ளாலதான் போகோணும்."

அன்னப்பூரணிக்குப் புரட்டாசியின் அந்த மாலை நினைவில் எழுந்தது. மண்வெட்டி, கத்தி, நீர் இறைக்கும் பம்பு என வரிசையாய் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நெற்றியெனத் தோன்றிய இடத்தில் பொட்டிட்டாள். மீற்றரில் வெண்மையாய், வட்டமாய், திருமுகம்போல் இருந்தது அந்தக் குமிழே. மூன்று மாதத்தில் சந்தனம் கல்லாய் இறுகியிருந்தது.

"நீங்களே துடைச்சுப் பாருங்க நானா."

சரீப் மீற்றரை அவளிடமே நீட்டினார். "நான் எடுக்கிறது சரியில்ல. சாமிக்கெண்டு நீங்க வச்சது. உங்கட கையாலயே எடுங்க."

அவள் ஈரப்பஞ்சால் மெல்ல ஒற்றினாள். பொட்டு கரைந்து பஞ்சில் இறங்கியது. மீண்டும் பிடித்தபோது அவள் மீற்றரும் இருபத்தோராயிரம் காட்டியது.

"நிழல்ல வளருற கொடி. நானே எரிச்சுப்போட்டன்," என்று சொல்லிச் சுவரோடு சாய்ந்து அமர்ந்தாள். அழுவதற்கும் அவளிடம் வலுவில்லை.

"எழும்புகா," என்றார் அழகரத்தினம், தாழ்ந்த குரலில். "தண்டு என்ன சொல்லுது எண்டு பாப்பம்."

மூவரும் தரையில் அமர்ந்து, ஒவ்வொரு தண்டின் தோலையும் நகத்தால் கீறிப் பார்த்தார்கள். பதினாறு காய்ந்து பழுப்பாய் இருந்தன. இருபத்தாறில், கருகிய இலைக்குக் கீழே, பச்சை ஈரம் இன்னும் இருந்தது. சரீப் கயிற்றை அவிழ்த்து விளக்கை உயர்த்த, அவள் இலைமட்டத்தில் மீற்றரை அசையாது பிடித்து எண்ணைச் சொன்னாள். பதினாறாயிரம். பன்னிரண்டு. எட்டு.

"இவ்வளவு காணும், கட்டுங்க."

முடிச்சிட்டுவிட்டு அவர் மழையங்கியை எடுத்தார். "வாற வருசம் பொட்ட முதுகுல வைங்க தங்கச்சி. சாமிக்கு அங்கயும் தெரியும்."

அவள் சிரித்தாள், பல நாள்களுக்குப் பின், களைப்போடு.

மாலையில் சாமியறை விளக்கை ஏற்றினாள். பஞ்சிலிருந்த சந்தனத்தைச் செம்பு நீரில் கரைத்து, தலைக்குமேல் பிடித்துச் சென்று, கால் படாத இடமாகிய கிணற்றடிச் செவ்வரத்தைச் செடியின் வேரில் வார்த்துக் கும்பிட்டாள். ஈரக் கையோடு உள்ளறைக்குத் திரும்பி, இருபத்தாறு தண்டுகளையும் ஒவ்வொன்றாய்த் தொட்டாள்.

"வேர் பிடிச்சு நில்லுங்க. கணுவுக்குக் கணு தழையுங்க. உங்களுக்கு அளவான வெயிலும் அளவான மழையும் அந்த ஆனைமுகத்தான் தரட்டும்."