எதிர்ச்சுவர்ப் பொந்து

மஞ்சுநாத் வெடிப் பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்ததும், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தமயந்தி எழுந்துவிட்டாள். புருஷன் ஐஸ் பெட்டியில் கிடக்கும்போது பெண்டாட்டி அப்படி எழுந்து நடக்கக் கூடாது. நீலசந்திரா ஏரியாவின் அந்தத் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மஞ்சு, வெடி வேணாம்ப்பா. மேல ஆந்தக் குஞ்சுங்க இருக்குது. சத்தத்துக்கு மெரண்டு கீழ வுழுந்துடும்.”

கொழுந்தன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். துக்கத்தில் அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பான். நாத்தனார் சரசு அப்படி நினைக்கவில்லை. காலையில் வந்து இறங்கியதுமே பின்னறை ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழந்துணியைத் திணித்தவள் அவள்தான்.

“வூட்டாண்ட ஆந்தைய வெச்சுக்கினு கொஞ்சினியே, அது கூப்ட்டுதான் எந்தம்பி போய்ட்டான். இப்ப அதுக்கு வக்காலத்தா?” என்றாள் சரசு.

ஆந்தை கூப்பிட்டுப் போனானாம். ஏழுமலையின் நுரையீரலில் கட்டி என்று போன மழைக்காலத்திலேயே டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு ஒருநாள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்த சொந்தங்கள் அப்புறம் போனோடு நிறுத்திக்கொண்டன. பக்கத்திலேயே ஈஜிபுராவில் இருக்கும் மஞ்சுநாத்துக்கு நீலசந்திரா வர வழி தெரியாமல் போயிற்று. இன்றைக்கு மட்டும் வெடியோடு வழி தெரிந்துவிட்டது.

ஏழுமலை ஆட்டோ ஓட்டிய காலத்திலேயே கனிவாகப் பேசத் தெரியாதவன். நோய் வந்தபின் கேட்கவே வேண்டாம். கஞ்சி சூடாக இருந்தாலும் வசவு, ஆறிப்போனாலும் வசவு. அவனும் அவளும் அந்தப் பின்னறையில் கூண்டில் அடைபட்டாற்போலக் கிடந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் ஒரு முழச் சந்து, அப்புறம் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அந்தச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க விட்டு, வைக்காமலே போன ஒரு பொந்து. அதில்தான் வெள்ளை முகத்து ஆந்தை குடிவந்தது.

முதலில் அதைத் துரத்தச் சொன்னான். அவள் கேட்கவில்லை என்றதும் தண்ணீர் டம்ளரை விட்டெறிந்தான். டம்ளர் சந்தில் போய் விழுந்தது, ஆந்தை அசையவில்லை. அதைப் பார்த்து தமயந்திக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அவளை வையாமல் பார்க்கும் முகம் அது ஒன்றுதான். பொழுது சாயும் நேரம் அது எலியோடு வரும். குஞ்சுகள் விசில் வரப்போகும் குக்கர் மாதிரிச் சீறும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அவள் நாளெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

ஒருநாள் அப்படி நின்றிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“மறைக்காத. தள்ளு.”

திரும்பினாள். ஏழுமலை முழங்கையை ஊன்றி எழும்பி, பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவள் ஜன்னலில் ஓரமாகத்தான் நின்றாள். அவர்களுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தது. எந்தக் குஞ்சு பேராசை பிடித்தது, எது ஏமாளி என்று அவன் கட்டிலிலிருந்தே சொல்லுவான். போன வாரம் கிரிக்கெட்டில் ஜெயித்ததற்குத் தெருப் பையன்கள் வெடித்த வெடியில் அந்த ஏமாளிக் குஞ்சு விழுந்து செத்தது. அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அன்று கஞ்சியைத் தொடவில்லை.

“ஒங்க தம்பிக்கே அதும்மேல உசுரு அக்கா. தெனம் பாத்துக்கினு இருந்தாரு,” என்றாள் தமயந்தி.

“செத்தவன் வந்து சாட்சி சொல்லமாட்டான்ற தைரியமா?”

மஞ்சுநாத் இடையில் புகுந்தான். “சும்னிருங்க அண்ணி. ஆட்டோ ஸ்டாண்டு ஆளுங்க அல்லாரும் வந்துக்கறாங்க. வெடி இல்லாம எடுத்தா அனாதப் பொணம்னு சொல்வாங்க.”

அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உடம்பை வெளியே எடுத்து, வேட்டியை மறைப்பாகப் பிடித்துக் குளிப்பாட்டினார்கள். எலும்பும் தோலுமாக இருந்த அந்த உடம்பைப் பார்த்து இப்போது ஆளாளுக்கு அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தமட்டை அடிப்பவர்கள் தோலைச் சூடுகாட்டித் தயாரானார்கள். எல்லோரும் தூக்குவதற்காகக் குனிந்த சமயம் வாசலில் இருந்த பையைப் பார்க்க ஆளில்லை.

தமயந்தி போனாள். பையைத் தூக்கி, குளிப்பாட்டி மிச்சமிருந்த தண்ணீர் டிரம்மில் போட்டாள். மிதந்ததை முழங்கை வரை கையை விட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மஞ்சுநாத் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தபோது சரவெடியின் சிவப்புச் சாயம் தண்ணீரில் இறங்கியிருந்தது. வேறு வாங்கி வரலாம் என்று ஒருவர் சொன்னார். மின்மயானத்தில் கொடுத்த நேரம் தப்பிவிடும் என்று இன்னொருவர் சொன்னார்.

“எங்கண்ணனுக்கு வர வேண்டிய மருவாதிய பொணத் தண்ணில போட்டியேடி,” என்றான். அதுவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டவன். “இனிமே ஒன் வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்.”

முன்னே எங்கே மிதித்தாய் என்று கேட்க வாய் வரை வந்தது. புருஷன் எதிரில் கிடந்தான், அதனால் விட்டுவிட்டாள்.

தமட்டை மட்டும் முழங்க ஏழுமலை போனான். தெருமுனை வரை போன பெண்கள் திரும்பினார்கள். அவளோடு யாரும் சேர்ந்து நடக்கவில்லை. வீடு கழுவும்போது சரசு அவள் பாதத்தின் மேலேயே தண்ணீரை ஊற்றித் தள்ளினாள். தலைமுழுகி வந்தவளுக்குத் துடைத்துக்கொள்ளத் துண்டு நீட்டவும் ஆளில்லை.

ஈரத் தலையோடு பின்னறைக்குள் போனாள். கட்டிலில் மெத்தையைச் சுருட்டி எடுத்திருந்தார்கள், வெறும் பலகை கிடந்தது. ஜன்னல் இடுக்கிலிருந்த பழந்துணியைப் பிடுங்கி எறிந்து, கதவைத் திறந்தாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பொந்தின் விளிம்பில் குஞ்சுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. சந்துக்குள் சத்தமில்லாமல் இறக்கை விரிந்து மடங்கியது. தாய் வாயில் எலி. சீறல் தொடங்கியது.

தான் ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்பது தெரிந்து, தமயந்தி அரையடி ஓரமாகத் தள்ளி நின்றாள்.