‘கரை வேண்டேன்’ வெளியீட்டு விழா

தன்னைப் பாட ஒருவனை யுகயுகமாகத் தேடிக் களைத்த கடல், இறுதியில் கண்டுகொண்டது கடல்கவியை. ‘கரை வேண்டேன்’ என்ற அவருடைய நான்காவது தொகுப்பின் பின்னட்டையில் இப்படித்தான் போட்டிருக்கிறது. கீழே ‘பதிப்பகத்தார்’ என்று இருக்கும். எழுதியவர் கடல்கவி.

உண்மையிலேயே கடல் தேடியிருந்தால் சிரமப்பட்டிருக்கும். அவர் நான்காவது மாடியில் குடியிருந்தார். குளியலறையில் முக்காலி போட்டு ஏறி, கழுத்தை இடது பக்கம் சாய்த்தால், எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் தெரியும். நான்கு தொகுப்புகளும் அந்த முக்காலி மேல் பிறந்தவை. அவருக்குக் கவிதை வரும் நாட்களில் வீட்டில் வேறு யாரும் குளிக்க முடியாது.

மேடையில் கவிதை வாசிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். உள்ளுக்குள் அவர் நடுக்கடலில் நிற்கிறார் என்று வாசகர்கள் நம்பினார்கள். அவரும் மறுக்கவில்லை.

வினையைக் கிளப்பியது வாசகர் வட்டச் செயலாளர். அச்சகம் நடத்துபவர், எதையும் பெரிய எழுத்தில் யோசிப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, உட்காராமலேயே சொன்னார்.

“ஐயா, உங்க புத்தகத்தை மண்டபத்துல வெளியிட்டா அது உங்களுக்கு அவமரியாதை. படகு பேசிட்டேன். நடுக்கடல்ல வெளியீடு. அங்கேயே ‘கடல்மைந்தன்’ பட்டம்.”

கடல்கவி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். “மழை கிழை வந்துட்டா?” என்றார்.

“மழை உங்களை என்னங்கய்யா பண்ணும்? ‘புயலே, என் போர்வையே’ன்னு எழுதினவர் நீங்க.”

எழுதித் தொலைத்திருந்தார். வேண்டாம் என்றால் பட்டம் போய்விடும். போனாலும் போகட்டும் என்று விட முடியாது. அது நேராகப் போட்டிக் கவிஞர் அருவிக்கவியிடம் போய்ச் சேரும். செயலாளர் அந்தப் பெயரைப் பேச்சுவாக்கில் இரண்டு முறை சொல்லியும்விட்டார். அருவிக்கவிக்கு நீச்சல் வேறு தெரியும்.

செயலாளர் படியிறங்கியதும் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அந்த வாத்து ஞாபகம் இருக்கா?”

கல்யாணமான புதிதில், பூங்காக் குளத்தில், காலால் மிதித்து ஓட்டும் வாத்துப் படகு. இடுப்பளவு தண்ணீர். பாதி வழியில் அவர் வாத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மறுத்ததால், பூங்காக் காவலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்து வந்து, வாத்தையும் தம்பதியையும் தள்ளிக்கொண்டு போனார்.

“அது வேற. அது குளம்,” என்றார் கடல்கவி.

“ஆமா. குளத்துல ஆழம் கம்மிதான்.”

அதன்பிறகு அவர் முக்காலியில் ஏறவில்லை. தம்ளரில் தண்ணீர் ஆடினாலே மேசையைப் பிடித்துக்கொண்டார். அலுவலகத்தில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வானிலை அறிக்கை கேட்டார். ஒரு சின்னப் புயல் போதும், விழா தள்ளிப்போகும். கடல் அமைதியாகக் காணப்படும் என்று தினமும் ஒரே குரலில் சொன்னார்கள். இத்தனை வருடம் அவர் எழுத்தில் கொந்தளித்த கடல், தேவைப்பட்ட வாரத்தில் இப்படிக் கைவிட்டது.

கடைசியில் மச்சினனிடம் சரணடைந்தார். மருந்துக்கடைக்காரன். எந்த நோய்க்கும் ஒரு மாத்திரையும் சொந்தமாக ஒரு விளக்கமும் வைத்திருப்பான்.

“படகு வாந்திக்கு மாத்திரை தரேன் மாமா. ஆனா அது பாதிதான் கேக்கும். வாந்தியோட ஆணிவேர் எங்க இருக்கு தெரியுமா? காதுல.”

“காதுலயா?”

“ரெண்டு காதுலயும் பஞ்சை நல்லா அடைச்சுக்கங்க. அலைச் சத்தம் உள்ள போகக் கூடாது. கண்ணையும் திறக்காதீங்க. அலையைப் பார்த்தீங்க, முடிஞ்சது.”

“கண்ணு பிரச்சினை இல்ல. நான் மூடித்தான் வாசிப்பேன்.”

“பாத்தீங்களா, பாதி வைத்தியம் உங்ககிட்டயே இருக்கு. சும்மா பயப்படுறீங்க.”

விழா நாள் மாலை மச்சினனின் மருந்து வேனில் போனார்கள். வேனின் பக்கவாட்டில் கையும் காலும் முளைத்த ஓர் இருமல் மருந்துப் பாட்டில் சிரித்துக்கொண்டிருக்கும். படகுத் துறையில், படகுக்கு ஒட்டினாற்போல் வண்டியை நிறுத்தினான். “நான் இங்கயே இருக்கேன் மாமா. வண்டில சரக்கு இருக்கு.”

துறைக்கும் படகுக்கும் நடுவே போட்டிருந்த பலகையைக் கடல்கவி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கடந்தார். பார்த்தவர்கள் அன்யோன்யம் என்று நினைத்தார்கள். தோளில் நகம் பதிந்தது மனைவிக்குத்தான் தெரியும்.

உள்ளே கூட்டம் நிறைந்திருந்தது. மேடைப் பக்கத்து ஜன்னல்களை மறைத்துச் செயலாளர் பேனர் கட்டியிருந்தார். அதில் கடல்கவியின் தலை, அலைகளுக்கு மேலே, தேங்காய் போல மிதந்தது. அவர் இருக்கையில் அமர்ந்து பஞ்சை அடைத்துக்கொண்டார். கவிஞராகத் தெரிவதற்காக வளர்த்த முடி முதல்முறையாக ஒரு வேலைக்கு உதவியது, காதை மறைத்தது.

சற்று நேரத்தில் காலுக்கடியில் ஏதோ தடதடவென்று அதிர ஆரம்பித்தது. கிளம்பிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார். தரை மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. செயலாளர் ஒலிபெருக்கியில் நீளமாக ஏதோ அறிவித்தார். பஞ்சு வழியாக அது கொசுவின் ரீங்காரமாக வந்து சேர்ந்தது. பிறகு ஒரு கை அவரைப் பிடித்து எழுப்பியது. காதருகே செயலாளரின் கத்தல்: “ஐயா, நீங்க வாசிங்க.”

மனப்பாடமாகத் தொடங்கினார்.

“அலையே, என் தொட்டில் நீ.
ஆழமே, என் தாய்மடி நீ.
கரையே, உன்னை நான் என்றேனும் கேட்டேனா?”

தரை ஏறியது. இம்முறை இறங்க அவகாசம் எடுத்துக்கொண்டது. முதுகில் வேர்வை கோடு போட்டு ஓடியது. இந்நேரம் எவ்வளவு தூரம் வந்திருக்கும்? கீழே எத்தனை ஆள் ஆழம்?

“கேட்டேனா?” என்றார் மறுபடி. “கேக்கறேன். கரைக்குத் திருப்புங்க.”

பலத்த கைதட்டல். இது புது வரி என்று செயலாளர் பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்.

“நிஜமாத்தான் சொல்றேன். எனக்கு நீச்சல் தெரியாது.”

இதற்கும் சிலர் தட்டினார்கள். முன்வரிசை தட்டவில்லை. கடல்கவி மைக்கோடு தரையில் உட்கார்ந்து மேசைக் காலைக் கட்டிக்கொண்டார்.

“எனக்கு இந்தப் பட்டமெல்லாம் வேண்டாம். அருவிக்கவிக்கே குடுத்துடுங்க. நான் கடலைப் பாத்ததெல்லாம் குளியலறை ஜன்னல்லதான். படகு ஓட்டறவர்கிட்ட யாராவது சொல்லுங்க, புண்ணியமா போகும்.”

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். மனைவி எழுந்து வந்து அவர் பக்கத்தில் குந்தினாள். முதல் வேலையாக மைக்கை அணைத்தாள். பிறகு முடியை ஒதுக்கி, ஒரு காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினாள்.

“என்னங்க, கண்ணைத் திறங்க.”

“எவ்வளவு தூரம் வந்துட்டோம்?”

அவள் பேனரின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், இருமல் மருந்துப் பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் சாய்ந்து மச்சினன் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் கையசைத்தான்.

காலுக்கடியில் அதிர்ந்தது ஒலிபெருக்கிக்கு வைத்த ஜெனரேட்டர். தலைமை விருந்தினர் வராமல் படகு கிளம்பாது, அதுவரை கவிஞர் வாசிப்பார் என்றுதான் செயலாளர் அறிவித்திருந்தார். தலைமை விருந்தினர் இன்னும் வரவில்லை. படகின் கயிறு துறையில் கட்டியே இருந்தது.