காட்டேரிக்கு வாட்ச்மேன் வேலை

ஜெயலக்ஷ்மிக்கு அந்தக் காட்டேரியைக் கண்டாலே ஆகாது. இருநூறு வயசாகிறது, பார்க்க இருபத்தைந்து மாதிரி இருக்கிறான். கொடைக்கானலில் சொந்தப் பங்களா உண்டு, உத்தியோகம் என்று ஒன்றும் கிடையாது. ராத்திரியானால் ஊரார் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே குதித்து, தூங்குகிற பெண்ணைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். இதற்குப் பெயர் காதலாம். இதை ஒருத்தர் வாராவாரம் எழுத, ஊரே படித்துவிட்டுத் தூக்கம் கெட்டுக் கிடந்தது.

'இருட்டுக்கு ஒரு இளவரசன்' என்று தொடர்கதைக்குப் பெயர். காட்டேரியின் பெயர் ருத்ரேஷ், காதலி மேகலா. அவள் கழுத்தைக் கடிக்கலாமா வேண்டாமா என்று அவன் ஒரு வருஷத்துக்கும் மேலாக யோசித்துக்கொண்டிருந்தான். அவளோ எப்போது கடிப்பான் என்று வழி பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் மயிலாப்பூரில் எந்தப் பெட்டிக்கடையிலும் அந்தப் பத்திரிகை மிஞ்சாது. திட்டுகிறவர்களும் வாங்கித்தான் திட்டினார்கள்.

இவ்வளவு பிடிக்காத கதையை ஜெயலக்ஷ்மி ஒரு வாரம்கூட விட்டதில்லை. விடவும் முடியாது, ஏனென்றால் அதை வாய்விட்டுப் படிக்கிறவளே அவள்தான்.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் கைசர் ஜஹானின் வீடு. எல்லோருக்கும் அவள் 'ஆபா', அதாவது அக்கா. தி. நகர் ஜவுளிக்கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் புடவை வந்து அந்தக் கூடத்தில் இறங்கும். கைசர் ஜஹானையும் சேர்த்து நாலு பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து, புடவையின் கீழ் ஓரத்துக்கு உள்பக்கமாக ஃபால்ஸ் துணி வைத்துத் தைப்பார்கள். ஊசி புடவையைக் கவ்வ வேண்டும், ஆனால் முன்பக்கம் தையல் தெரியக் கூடாது. மற்ற மூன்று பேருக்கும் இது கைவந்த விஷயம். ஜெயலக்ஷ்மியின் தையல் மட்டும் முன்பக்கம் வந்து எட்டிப் பார்த்து எல்லோரையும் விசாரித்துவிட்டுப் போகும்.

ஆனால் குரல் இருந்தது. கணீரென்று, ஆளுக்கு ஒரு தொனி வைத்துப் படிப்பாள். அதனால் அந்தக் கூடத்தில் ஒரு ஏற்பாடு. வியாழக்கிழமை ஜெயலக்ஷ்மி பத்திரிகையைப் பிரித்ததும், அவள் பங்குப் புடவைகளை மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றாகத் தங்கள் மடிக்கு இழுத்துக்கொள்வார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை. புடவைகள் நகர்ந்தால் 'ஆரம்பி' என்று அர்த்தம்.

அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் வாரம் முழுக்க முன்பக்கம் தெரிகிற தையலைப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குக் கேட்க ஆள் கிடையாது. கணவர் குருபிரசாத் கெட்டவரில்லை, பேப்பருக்குப் பின்னால் வசிப்பவர். என்ன சொன்னாலும் பேப்பருக்குள்ளிருந்து ஒரு 'உம்' வரும். போன மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டை கட்டி, குரலே எழும்பாமல் போயிற்று. வீட்டில் பேச்சே இல்லை. அவர் கவனிக்கவே இல்லை. கைசர் ஜஹான் வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் தலையை ஆட்டினதுமே பக்கத்துப் பாயில் தைக்கிற எத்திராஜம்மா ஊசியைக் கீழே வைத்தாள்.

"இன்னா மாமி, தொண்டை கட்டிக்கினு கீதா? ஆபா, சுக்கு இருந்தா கொஞ்சம் தட்டிப் போட்டுக் குடு."

கூடத்தில் கதையைப் பற்றி நாலு பேருக்கு நாலு அபிப்பிராயம். ஜமீலுன்னிசாவுக்கு ஆரம்பத்திலிருந்தே கோபம். "ரத்தம் குடிக்கிறது ஹராம். அவன் எப்படி ஹீரோ ஆவான்?" என்று வாராவாரம் கேட்பாள். வியாழக்கிழமை முதல் ஆளாக வந்து பாய் விரிப்பவளும் அவள்தான்.

"அது இன்னா பண்ணும் பாவம், பொறப்பு அப்பிடி," என்பாள் எத்திராஜம்மா. அவளுக்கு ருத்ரேஷ் என்றால் உயிர். "நீ வஞ்சிரம் துன்றியே, அந்த மீனாண்ட போய் உன்னப் பத்திக் கேட்டுப் பாரு."

கைசர் ஜஹான் பெண்ணைப் பெற்றவள், அவள் கவலை வேறு. "அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லியா? ஜன்னலுக்கு ஒரு கொக்கிகூடவா போட மாட்டாங்க?"

ஜெயலக்ஷ்மிக்கோ கோபம் காட்டேரிமேல் பாதி, மேகலாமேல் மீதி. ஒரு வியாழக்கிழமை, 'நீ இனிமேல் பாட்டு வகுப்புக்குப் போக வேண்டாம்' என்று ருத்ரேஷ் சொல்ல, 'உங்கள் இஷ்டம்' என்று மேகலா தலைகுனிந்தாள். அச்சில் அப்படித்தான் இருந்தது. ஜெயலக்ஷ்மியின் கண் அதைப் பார்த்தது, வாய் அதைச் சொல்ல மறுத்துவிட்டது.

"'என் பாட்டைப் பத்திப் பேச நீங்க யார்? முதல்ல இந்த ஜன்னல் ஏறிக் குதிக்கிறதை நிறுத்துங்க. வாசல்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்கா?' என்று கேட்டாள் மேகலா."

நாலு ஊசியில் மூன்று நின்றுபோயின. நாலாவது ஊசி ஏற்கெனவே சும்மாதான் இருந்தது. "சபாஷ்!" என்று தொடையில் தட்டினாள் ஜமீலுன்னிசா. வெளியில் காட்டிக்கொள்ளாமல் அடுத்த வரிக்குப் போன ஜெயலக்ஷ்மிக்குப் பயமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

ருசி கண்ட பிறகு நிறுத்த முடியவில்லை. மறுவாரம் மேகலா ருத்ரேஷைப் பங்களா முழுக்க ஒட்டடை அடிக்க வைத்தாள். அதற்கடுத்த வாரம் ரத்தத்துக்குப் பதில் பீட்ரூட் சாறு கொடுத்துப் பார்த்தாள். அப்புறம் ஒருநாள், "'ராத்திரி பூரா முழிச்சிண்டுதானே இருக்கேள்? ஒரு நைட் வாட்ச்மேன் வேலைக்காவது போகக் கூடாதா?' என்றாள் மேகலா" என்று ஜெயலக்ஷ்மி ஒரு போடு போட்டாள். எத்திராஜம்மா சிரித்த சிரிப்பில் நூல்கண்டு உருண்டு வாசல்வரை போய்விட்டது. மேகலாவுக்கு எப்போது மயிலாப்பூர் பேச்சு வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மாட்டிக்கொள்ளாமல் இருக்க வழியும் வைத்திருந்தாள். படித்து முடித்ததும், "எங்காத்துக்காரர் குறுக்கெழுத்து போடுவார்" என்று பத்திரிகையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவர் குறுக்கெழுத்துப் பக்கம் திரும்பினதே கிடையாது. ஜமீலுன்னிசா உருதுதான் படிப்பாள், மற்ற இரண்டு பேருக்கும் பத்திரிகை வாங்கிப் படிக்கிற பொறுமை இல்லை. கைசர் ஜஹானின் மகள் ஃபிர்தௌஸ் ஒருத்திதான் கதைப் பைத்தியம். ஆனால் அவள் அந்த நேரத்தில் காலேஜில் இருப்பாள்.

பரீட்சைக்கு லீவு என்று ஒன்று உண்டு. இது ஜெயலக்ஷ்மிக்கு மறந்தே போயிற்று.

கதை முடிய இன்னும் ஒரே வாரம் என்றிருந்த வியாழக்கிழமை ஃபிர்தௌஸும் வந்து அம்மாவின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தாள். கையில் பொருளாதாரப் புத்தகம். புடவைகள் நகர்ந்தன. ஜெயலக்ஷ்மி ஆரம்பித்தாள். ருத்ரேஷ் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, விசிலும் டார்ச்சுமாக முதல்நாள் டூட்டிக்குக் கிளம்புகிற இடம் வந்தது.

"ஆன்ட்டி," என்றாள் ஃபிர்தௌஸ். "இது எந்தப் பக்கத்துல இருக்கு?"

ஜெயலக்ஷ்மி பத்திரிகையை மார்போடு சாய்த்துக்கொண்டாள்.

"காலையிலதான் ஃப்ரெண்ட் வீட்டுல படிச்சேன். இந்த வாரம் அவன் வெள்ளைக் குதிரையில வர்றான். ஏது டார்ச்சு?" அவள் எழுந்து வந்து பத்திரிகையை வாங்கினாள், பார்த்தாள், அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மி, ஒரு வரிகூட இதுல இல்ல!"

முதலில் வாயைத் திறந்தது எத்திராஜம்மா. "அப்போ அவன் வேலைக்குப் போவலியா?"

"இல்ல."

"பீட்ரூட்டு?"

"அதுவும் இல்ல. மாட்டுக்கொட்டாய்ல பூந்து மாட்டு ரத்தம் குடிக்கிறான்."

"மோசம் போயிட்டேனே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள் எத்திராஜம்மா. ருத்ரேஷ் செத்திருந்தால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டாள்.

கைசர் ஜஹான் ஊசியை முந்தானையில் குத்திவிட்டு ஜெயலக்ஷ்மியைப் பார்த்தாள். "உன் பங்கையும் சேர்த்துத் தைச்சோம் ஜெயா. அதுல இருக்கிறதைப் படிப்பேன்னு நம்பித்தானே?"

திட்டியிருந்தால் ஜெயலக்ஷ்மி தாங்கியிருப்பாள்.

தீர்ப்பு சொல்லப்பட்டது. அடுத்த வாரம் கடைசி அத்தியாயம். அதை அச்சிலிருக்கிறபடி, எழுத்துப் பிசகாமல் படிக்க வேண்டும். ஃபிர்தௌஸ் பக்கத்தில் உட்கார்ந்து வரிமேல் விரல் வைத்துக்கொள்வாள். ஒரு வார்த்தை கூட்டினாலும் அதோடு சரி, அப்புறம் ஊசி மட்டும்தான். புடவையும் அன்றைக்கு நகராது.

அந்த வாரம் போன போக்கை அவளிடம்தான் கேட்க வேண்டும். ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்னா," என்று குருபிரசாத்திடம் ஆரம்பித்தாள். "உம்," என்றது பேப்பர். அந்தக் கூடமும் போய்விட்டால் இந்த 'உம்' ஒன்றுதான் மிச்சம். போயும் போயும் ஒரு காட்டேரியால் தனக்கு இந்தக் கதியா என்று அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

வியாழக்கிழமை வந்தது. அவள் பங்குப் புடவைகள் அவள் எதிரிலேயே, ஒரு மயில்கழுத்து நிறப் பட்டு மேலாக, அசையாமல் கிடந்தன. ஃபிர்தௌஸ் பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்தாள். தொனியே வைக்கக் கூடாது, ரயில்வே அறிவிப்பு மாதிரி படித்துவிட்டுப் போய்விட வேண்டும் என்று ஜெயலக்ஷ்மி தீர்மானித்திருந்தாள்.

அப்படித்தான் படித்தாள். நிலா வந்தது, மூடுபனி வந்தது. மேகலாவின் தாவணி பத்து வரிக்குப் பறந்தது. ஜமீலுன்னிசா கொட்டாவி விட்டாள். 'என்னையும் உங்களைப் போல ஆக்கிவிடுங்கள்' என்று மேகலா கழுத்தை நீட்டினாள். அசடு, என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஜெயலக்ஷ்மி பக்கத்தைத் திருப்பினாள்.

"'ஏன் என்னையே சுற்றி வந்தீர்கள் என்று கேட்டாள் மேகலா. ருத்ரேஷ் சொன்னான். இந்தப் பங்களாவில் பேசினால் பதில் வராது, மேகலா. பேசிப் பார்த்தேன். அப்புறம் பல வருஷம் பேசாமலே இருந்தும் பார்த்தேன். அதையும் யாரும் கவனிக்கவில்லை. எனக்குக் குரல் இருந்ததே மறந்துவிட்டது. அன்றைக்கு நீ திரும்பி, என்ன சொன்னீர்கள் என்று...'"

அதற்குமேல் வரவில்லை. ஜெயலக்ஷ்மி எச்சிலை விழுங்கிப் பார்த்தாள், இருமிப் பார்த்தாள். எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் போயிருந்தன. பக்கத்தில் ஃபிர்தௌஸ் விரலை எப்போதோ எடுத்துவிட்டு, துப்பட்டாவில் முகத்தைப் புதைத்து விசும்பிக்கொண்டிருந்தாள்.

ஒருத்தரும் தைக்கவில்லை. கடைசியில் ஜமீலுன்னிசாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "இது நீ போட்டதுதானே? சத்தியமா நீ போட்டது. தாவணி பறக்குதுன்னு எழுதுற ஆளுக்கு இதெல்லாம் எங்கே வரும்?"

"மாமிதான்," என்றாள் எத்திராஜம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போட்டாலும் போட்டுச்சு, இன்னாமா போட்டுகீது பாரு! உட்டுடு ஆபா, இந்த ஒரு வாட்டி மன்னிச்சுடு."

கைசர் ஜஹான்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள், மறுக்கவில்லை. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெயரும் கிடைக்கும், மன்னிப்பும் கிடைக்கும். இத்தனை வாரம் அவள் போட்ட பீட்ரூட்டுக்கும் ஒட்டடைக்கும் இவர்கள் சிரித்தார்கள், இப்போதுதான் முதல் தரம் அழுகிறார்கள். அந்த அழுகை தன்னுடையதாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஜெயலக்ஷ்மிக்கு மனசு அடித்துக்கொண்டது.

பத்திரிகையைத் திருப்பி, அந்தப் பத்தியின் மேல் விரலை வைத்துக் கைசர் ஜஹானிடம் நீட்டினாள்.

"நான் இல்லை ஆபா. அவன் எழுதினதுதான்." மூக்கைப் புடவைத் தலைப்பில் சிந்தினாள். "கடங்காரன், நன்னா எழுதியிருக்கான்."

கைசர் ஜஹான் எழுத்துக் கூட்டி, உதடு அசைய, அந்தப் பத்தியைக் கடைசிவரை படித்தாள். படித்துவிட்டுப் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தாள். ஜெயலக்ஷ்மி தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு மீதியையும் படித்தாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை. ருத்ரேஷ் கடித்தான், மேகலா கண் மூடினாள், இருவரும் நிலவை நோக்கி நடந்தார்கள். முற்றும் என்று போட்டிருந்தது. அதையும் படித்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள் எத்திராஜம்மா.

"அவ்வளவுதான்."

பத்திரிகையை மடித்துப் பையில் வைக்காமல் ஃபிர்தௌஸின் மடியில் வைத்தாள். இனி எதற்குக் குறுக்கெழுத்து? ஊசிப் பெட்டியைத் தேடி எடுத்து, நூலை நாக்கில் ஈரப்படுத்தி, கோக்கப் பார்த்தாள். முதல் தரம் நுழையவில்லை. இரண்டாம் தரமும் நுழையவில்லை. எதிரே மயில்கழுத்துப் பட்டு பளபளவென்று கிடந்தது. அதன் முன்பக்கத்தை இன்றைக்குத் தான் என்ன பாடு படுத்தப்போகிறோமோ என்று அவளுக்கே அதன்மேல் இரக்கமாக இருந்தது.

அவள் கை அதன்மேல் படுமுன் பட்டு நகர்ந்தது.

கைசர் ஜஹான் அதைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டிருந்தாள், யாரையும் பார்க்காமல். அடுத்த புடவையை எத்திராஜம்மா இழுத்தாள். கடைசியாக இருந்ததை ஜமீலுன்னிசா இழுத்து, உதறி, ஃபால்ஸை ஓரத்தில் பொருத்தி, முதல் தையலைப் போட்டாள்.

"அவன் கதை முடிஞ்சுது," என்றாள் ஜமீலுன்னிசா, தலை நிமிராமல். "நம்ம ஆளு காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறானே. என்ன சொன்னான்?"