கண்ணாடி ஏறிய படிகள்

நான் வீடுகளில் சுவருக்கும் ஜன்னலுக்கும் கண்ணாடி பொருத்துகிறவன். புதிதாக வந்த கூட்டாளிக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பேச்சு தெரியாது. கண்ணாடியைக் கட்டிய கயிற்றை இறுக்கினாயா என்று சைகையில் கேட்டால் "ட்ராங்கிலோ" என்பான். வண்டி வரத் தாமதமானாலும் அதேதான். வாய்ப்பந்தல் போடுகிறவன் என்று முடிவு கட்டினேன்.

போனில் ஸ்பானிஷ் படிக்கும் மருமகளைக் கேட்டேன்.

"அமைதியானன்னு அர்த்தம் மாமா. கடலுக்கும் சொல்லலாம், தெருவுக்கும் சொல்லலாம். ஆள்கிட்ட சொன்னா பதறாதீங்கன்னு. பொம்பளைன்னா ட்ராங்கிலா."

"கடலும் நானும் ஒண்ணாம்மா?"

"ரெண்டும் சும்மா இருக்காதே மாமா!"

மறுநாள் ஆளுயரக் கண்ணாடியை மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. மேல் முனையைப் பிடிப்பவன் பின்பக்கமாக ஏறுவான். அவனுக்குப் படி தெரியாது, கீழே இருப்பவன்தான் சொல்ல வேண்டும். அவன்மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று அவனை மேலே விட்டேன். படி சொல்ல எங்களுக்குள் பேச்சே இல்லை என்பது மாடிப்படித் திருப்பத்தில்தான் உறைத்தது.

அவன் கால் காற்றில் துழாவியது. கண்ணாடி என் நெஞ்சுப்பக்கம் சாய்ந்தது.

"ட்ராங்கிலோ!" என்று கத்தினேன். அவன் முகம் இன்னும் வெளுத்தது. கத்திச் சொன்னால் யார்தான் அடங்குவார்கள்?

மூச்சை விட்டுவிட்டு அதே சொல்லை மெதுவாகச் சொன்னேன். அவன் கால் படியைக் கண்டுபிடித்தது. அடுத்த படிக்கும் அதையே சொன்னேன், கடைசிப் படிவரை.

கண்ணாடியைச் சுவரில் சாய்த்ததும் மருமகளுக்குப் போன் போட்டேன்.

"படி இருக்கு, பாத்துக் கால் வைங்கறதுக்கு அவங்க என்னம்மா சொல்வாங்க? சீக்கிரம் சொல்லு, இன்னொரு கண்ணாடி கீழே நிக்குது."