முள் நடுவில் நிற்க வேண்டும்

காரிலிருந்து கழற்றிய மீட்டரைச் சும்மா அலமாரியில் வைத்தால் அது தொழிலை மறந்துவிடும். அதனால் டேஷ்போர்டைப் புதுப்பிக்கிற இருபத்தொரு நாளும் அதை ஓர் ஆளின் நெஞ்சில் கட்டிவைக்க வேண்டும். அந்த ஆளை அளந்து அளந்து அது பழகிக்கொள்ளும். பிறகு வண்டியில் பூட்டினால் பழகிய மாதிரியே காட்டும். வண்டியும் முள் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளும். தான் சூடாக இருக்கிறோமா, வயிறு நிறைந்திருக்கிறதா என்றெல்லாம் வண்டிக்குத் தானாகத் தெரியாது.

சிங்காநல்லூரில் இருக்கும் எங்கள் பட்டறையில் இதற்கென்று வெளியாள் வைத்துக்கொள்வதில்லை. நான், என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, அவர் தம்பி கனகு, மூன்று பேரும் ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொள்வோம். பழைய சேலைக் கரை இரண்டு முழம் போதும். யாருக்கு எந்த மீட்டர் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தாம்பாளத்திலிருந்து எடுப்போம். எடுத்ததை மாற்றக் கூடாது. மாற்றினால் மீட்டர் குழம்பிப்போய், வண்டி இரண்டு மனசோடு ஓடும்.

போன வருஷம் ஒரு வண்டியின் சூட்டு மீட்டர் என் வீட்டுக்காரருக்கு வந்தது. அவர் எதற்கும் பதறாத ஆள். அந்த வண்டி சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கிறது. அதை வைத்திருப்பவர் பின்சீட்டில் தயிரும் தக்காளியும் வைத்துக்கொள்கிறார். ஒரு குறையும் சொல்லவில்லை.

எஸ்தர் டீச்சரின் வண்டி வந்தபோது சூட்டு மீட்டர் என் கைக்கு வந்துவிட்டது.

டீச்சர் பெண்கள் பள்ளியில் விளையாட்டு சொல்லிக்கொடுத்து ரிட்டயரானவர். வண்டி இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது. டேஷ்போர்டின் பலகை வெடித்து, டயல்களில் எண்கள் வெளிறிப்போயிருந்தன. டீச்சருக்குக் கோத்தகிரியில் ரோசலின் என்று ஒரு தங்கச்சி. இந்த வண்டி ஜென்மத்துக்கும் மலை ஏறாது என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் ரோசலின் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து டீச்சர் அங்கே போகவில்லை. பஸ்ஸில் போகலாம். போனால் தங்கச்சி சொன்னது சரியென்று ஆகிவிடும். இருபத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ரோசலினுக்கு அறுபது வயசு. மத்தியானச் சாப்பாட்டுக்கு இந்த வண்டியிலேயே வருவதாக டீச்சர் லெட்டர் போட்டுவிட்டார்.

"வழியில கொதிச்சு நின்னா, அவ பேசறத நான் சாகற வரைக்கும் கேக்கணும் சுலோச்சனா," என்றார்.

வேலை நன்றாகவே நடந்தது. என் வீட்டுக்காரர் பலகையை இழைத்து, மேலே காகிதம் போல் சீவிய ஈட்டி மரத் தாளை ஒட்டி, வார்னிஷ் மேல் வார்னிஷாக ஏழு கை அடித்தார். கனகு குரோம் வளையங்களைத் தேய்த்தான். டயல்களில் எண் எழுதுவது என் வேலை. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். கணக்கு வராது. ஆனால் எட்டு என்ற எண்ணை இரண்டு வட்டமும் ஒட்டாமல் பிரியாமல் நிறுத்த என்னால் முடியும்.

கனகுவின் நெஞ்சில் பெட்ரோல் மீட்டர். அவன் ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பிடுகிறவன். முள் கொஞ்சம் சாய்கிற மாதிரி இருந்தால் இரண்டு இட்லி போட்டு நிமிர்த்திவிடுவான். என் வீட்டுக்காரருக்கு ஸ்பீடு மீட்டர். அவர் காலையில் முக்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். முள் சைபரை விட்டு அசையவே இல்லை. இது சரியா என்று கேட்டேன்.

"சும்மா இருக்கறப்ப சைபர்தான் காட்டோணும். சரியாத்தான காட்டுது," என்றார். அது நியாயமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

என் முள்தான் முதல் நாள் பதினோரு மணிக்கே சிவப்பில் போய் நின்றது. அடுப்படியில் கேஸ் சிலிண்டரை மூடினேனா, வார்னிஷ் காய்வதற்குள் மழை வந்துவிடுமா, மழை இந்த வருஷம் வராமலே போய்விடுமா என்று ஒவ்வொன்றுக்கும் அது ஒரு கோடு ஏறியது. மோர் குடித்தேன். ஈரத்துண்டு போட்டுக்கொண்டேன். குளத்தங்கரையில் போய் நின்றேன். குளத்தில் தண்ணீர் குறைந்திருந்தது. முள் இன்னும் ஏறியது. கவலைப்படுவதை நிறுத்தினால் முள் தானாக இறங்கும் என்று கனகு சொன்னான். நிறுத்த முடியாதோ என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

பதினெட்டாம் நாள் டீச்சர் வந்து என் நெஞ்சைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையை மடித்து மடித்து ரொம்பச் சின்னதாக ஆக்கினார். நான் கடிகார டயலில் விட்டுப்போயிருந்த எட்டை எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள் நடுவில் நின்றது.

மீட்டர் கடைசி மூன்று நாளைத்தான் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதனால் மூன்று நாளும் எண் எழுதினேன். டயல்கள் முடிந்ததும் டம்ளர்களுக்கு, பக்கெட்டுகளுக்கு, மாடிப்படிகளுக்கு, சீப்பிலிருந்த வாழைப்பழங்களுக்கு. என் வீட்டுக்காரரின் சட்டை முதுகில் ஒன்று. கனகுவின் முதுகில் இரண்டு.

"எப்பவும் நான் ரெண்டுதானுங்களா அண்ணி?" என்று கேட்டான் கனகு. அவன் முழங்கையில் ஒரு எட்டு போட்டுக்கொடுத்ததும் சமாதானமானான்.

தெருவில் பாதி வீட்டுக் கதவெண்கள் அழிந்துபோயிருந்தன. எல்லா வீட்டு கேட்டிலும் எழுதினேன். எட்டாம் நம்பர்காரர்கள் காபி கொடுத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் முள் ஆணியடித்த மாதிரி நடுவில் இருந்தது.

ஞாயிறு காலை டேஷ்போர்டைப் பூட்டினோம். டீச்சர் அந்தப் பளபளப்பைப் பார்த்தே தலை சீவிக்கொண்டு, ஸ்கார்ஃப் கட்டி, கையுறை போட்டுக்கொண்டு, சாவியைத் திருப்பினார். பெட்ரோல் ஊற்றவில்லை. முள் முழு டேங்க் காட்டியதால் தேவைப்படவில்லை. சூட்டு முள் எழுந்து, நடுவுக்கு வந்து, அங்கேயே நின்றது. கியர் போட்டார். சக்கரங்கள் சுற்றின. ஸ்பீடு மீட்டர் சைபர் காட்டியது. வண்டி அதை நம்பி எங்கள் கேட்டுக்கு முன்னாலேயே நின்றது.

என் வீட்டுக்காரர் மேகத்தைப் பார்த்தார். எனக்கு உள்ளே கொதித்தது. நெஞ்சில் மீட்டர் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

டீச்சர் இறங்கவில்லை. நின்ற இடத்திலேயே கவனமாக ஓட்டினார். ஒன்பதரைக்கு, மேட்டுப்பாளையம் தாண்டியாச்சு என்றார். வளைவுகளில் ஹாரன் அடித்தார். கனகு பக்கத்தில் நின்று டீயை நீட்டினான். ஏற்றத்தில் நிறுத்தக் கூடாது என்று சொல்லி ஒரு கையால் வாங்கிக் குடித்தார். நான் சூட்டு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது நகரவில்லை.

பதினோரு மணி வாக்கில் தெருவில் குளிர் அடித்தது. எதிர்வரிசையில் பதினைந்தாம் நம்பர் வீட்டுக்கும் பதினாறாம் நம்பர் வீட்டுக்கும் நடுவில் ஒரு காலி மனை உண்டு. கோத்தகிரி அங்கே வந்து நின்றது. டீத்தோட்டம், பனிமூட்டம், பச்சை கேட் போட்ட ஒரு வீடு. டீச்சர் எஞ்சினை நிறுத்தி, கையுறையைக் கழற்றினார்.

ரோசலின் சால்வையோடு இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அன்னிக்கே சொன்னேன்லக்கா, இது மலை ஏறாதுன்னு."

"ஏறலதான்," என்றார் டீச்சர். "நீதான எறங்கி வந்திருக்க."

ரோசலின் தெருக்குழாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு பானெட்டின் மேல் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார்.

"கொதிக்கவும் இல்ல," என்றார்.

அக்காவும் தங்கச்சியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பச்சை கேட்டுக்குள் போனார்கள். பிரியாணி வாசனை வந்ததால் கனகுவும் போனான். என் வீட்டுக்காரர் முக்காலியை எடுத்துப் போய் ஒரு டீச்செடிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

பனியில் காயாது என்று கொடியில் இருந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டேன். நாளைக்குத் தபால்காரர் வந்தால் என்ன செய்வார் என்ற கவலை அப்போதுதான் வந்தது. தூரிகையையும் கறுப்புப் பெயிண்டையும் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். பதினைந்தும் பதினாறும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதால், மலையின் முதல் பாறையில் பதினைந்து ஏ என்று எழுதினேன்.